கோரகண்டனின் வசனம்

"அசுரன் பேசறதை மறைக்க நீங்க யாரு டீச்சர்?"

தலைமையாசிரியர் சேனாதிபதியின் குரல் சாத்திய சன்னலையும் தாண்டி வெளியே வந்தது. உள்ளே தலைகுனிந்து நின்றவர் சண்முகவள்ளி. பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக டீச்சர். வெளியே மூடுபனியில், சன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றவர்கள் பத்தாம் வகுப்பு ராஜமுருகனும் அவன் கூட்டாளி ஞானவேலும்.

மேசைமேல் ஒரு கட்டு காமிக்ஸ் கிடந்தது. வெள்ளிப்பருந்து என்ற பறக்கும் வீரனும், பாதாளத்திலிருந்து கிளம்பி வந்த மூன்று கொம்பு அசுரன் கோரகண்டனும் பக்கத்துக்குப் பக்கம் மோதிக்கொள்கிற கதை. சென்னைக்காரர் ஒருவர் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்தது. அசுரன் வாய் திறக்கும் இடமெல்லாம் அந்த வசனத்தின் மேல் டீச்சர் வெள்ளைத் தாள் ஒட்டி வைத்திருந்தார்.

ஏன் என்று கேட்டால் பதில் வராது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர், அசுரன் பேச்சு ஆகாது என்று ஏதோ விரதம் என்றது ஒரு கோஷ்டி. அத்தனையும் கெட்ட வார்த்தை என்றது இன்னொரு கோஷ்டி. அதில்தான் ஆள் அதிகம்.

ராஜமுருகனுக்கு இதில் லாபம்தான். நூலக வகுப்பில், "கோரகண்டனுக்கு நீ பேசு" என்று டீச்சர் அவனைத்தான் எழுப்புவார். வெற்றுத் தாளைப் பார்த்தபடி அடிவயிற்றிலிருந்து ஒரு குரலை எடுத்து, கொடைக்கானல் ஏரியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் படகுகளைக் கடித்துக்கொள்வேன் என்பான். வகுப்பு அதிரும்.

அவனுக்கு வராத குரல் கிடையாது. பி.டி. சார் குரலில் வருகைப்பதிவு எடுப்பான். கண்டக்டரிடம் கண்டக்டர் குரலிலேயே டிக்கெட் கேட்பான். அட்டுவம்பட்டி மேட்டில் காட்டெருமை மாதிரி செருமி, போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தையே காருக்குள் ஏற்றிக் கதவடைக்க வைத்தவன்.

ஆனாலும் தாளுக்கு அடியில் என்னதான் இருக்கிறது என்கிற அரிப்பு விடவில்லை. முந்தாநாள் சித்தப்பாவின் போனை எடுத்து, ஆண்டுவிழாவில் கேட்டு வைத்திருந்த சென்னைக்காரர் குரலில் தலைமையாசிரியரைக் கூப்பிட்டான். ஆசையாகக் கொடுத்த புத்தகத்தில் யாரோ பசை தடவுகிறார்களாமே என்று மெதுவாக வருத்தப்பட்டான். அவ்வளவுதான்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் பிரிச்சாகணும். இல்லன்னா வேற சோலி பாத்துக்கங்க" என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் காமிக்ஸ் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "பிரிக்க முடியாதுங்க சார். வேலைய விட்டுடறதா எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

ஒரு துண்டுத் தாளுக்கு இம்புட்டு வீம்பா என்று ஞானவேல் கேட்டான். டீச்சர் சொன்னதை டீச்சர் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டினான் ராஜமுருகன். குரலின் நடுக்கம் உட்பட, அச்சு அசல்.

அடுத்து சத்துணவுக் கூடம். காமிக்ஸ் கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை முதல்நாளே உருவி சட்டைக்குள் வைத்திருந்தான். கொதிக்கிற சோற்றுப் பானையின் ஆவியில் பக்கத்தைக் காட்டினான். மைதாப் பசை இளகி, தாள் உரிந்து வந்தது. ஞானவேலும் வகுப்புப் பையன்கள் மூன்று பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

ராஜமுருகன் தொண்டையைச் செருமி, அடிவயிற்றுக் குரலை எடுத்து வாசித்தான்.

"வி... வி... வி..."

நின்றான்.

"என்னலே," ஞானவேல் அவன் முதுகைத் தட்டினான், "அசுரன் குரல்லயும் ஒனக்குத் திக்க ஆரம்பிச்சிருச்சா?"

ராஜமுருகன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். அச்சிலேயே அப்படித்தான் இருந்தது.

'வி... வி... விட மாட்டேன், பருந்தே!'

அடுத்த கட்டத்தில் வெள்ளிப்பருந்தின் பதிலுக்கும் தாள் ஒட்டியிருந்தது. அதையும் உரித்தான். 'முதலில் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொண்டு வா.' சுற்றி நின்ற ஊர்சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். பத்துப் பக்கம் உரித்தான். பத்திலும் அசுரன் திக்கினான், பத்திலும் ஊர் சிரித்தது.

பையன்கள் மூன்று பேரும்கூடச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஞானவேல் மட்டும் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆறாம் வகுப்பில் தன் பெயரைச் சொல்லி முடிக்க முடியாமல் உட்கார்ந்த நாளோடு ராஜமுருகன் சொந்தக் குரலை மூட்டை கட்டி வைத்திருந்தான். இரவல் குரலில் அவன் நாக்கு ஒருநாளும் தடுக்கியதில்லை.

புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினான். டீச்சர் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி முடித்து, கையெழுத்துப் போடப் பேனாவை ஊன்றியிருந்தார்.

சென்னைக்காரர் குரலில் சொன்னால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஞானவேல் குரலும் தொண்டையில் தயாராக நின்றது. இரண்டையும் விழுங்கினான்.

"சா... சா... சார். அந்தப் போ... போ..."

"என்னடா? வெரசாச் சொல்லு. ஆயிரம் வேலை கெடக்கு."

"போ... போன் ப... ப..."

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். ராஜமுருகனுக்குக் காது மடல் வரை எரிந்தது.

சண்முகவள்ளி பேனாவை மூடி வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்குத்தான் இனிமே ஒரு சோலியும் இல்லைங்களே சார். அவன் நிதானமாச் சொல்லட்டும்."