அக்டோபருக்குப் பிறகு

உதிர்ந்த இலைகள் என்றுதான் ஓலவி முதலில் நினைத்தார்.

அதில் ஒன்று சிறகை அசைத்தது.

துர்க்கு நகரத்து ஆற்றங்கரைத் தேவாலயத்தின் கண்ணாடி மண்டபத்துக்கு வெளியே, சுவரோரம் நெடுக, குருவிகள் விழுந்து கிடந்தன. கட்டைவிரலைவிடச் சற்றே பெரிய, உச்சியில் மஞ்சள் கோடு போட்ட குருவிகள். நடுநடுவே, விலாவில் செம்மை பூசிய பூங்குருவிகள்.

எல்லாம் தெற்கே போகக் கிளம்பியவை.

நேற்று பெஞ்சில் மறந்து வைத்த கையுறையை எடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பொழுது இப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மண்டபத்துக்குள் எல்லா விளக்குகளும் எரிந்தன.

எரியட்டும் என்று சொன்னவரே அவர்தான்.

தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஓலவிக்கு ஒரே கவலை. இரவில் நகரத்தைக் கடக்கும் பறவைகள் வெளிச்சத்தில் மயங்கிக் கண்ணாடியில் மோதிச் சாகக் கூடாது. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரைக்கும் இரவு விளக்கை அணைத்து வையுங்கள் என்று கட்டிடம் கட்டிடமாகப் போய்க் கெஞ்சினார். முதலில் சரி என்றது இந்தத் தேவாலயம்தான்.

அந்த மாதங்களில் தினமும் விடியற்காலையில் வந்து இந்தச் சுவரோரம் பார்ப்பார். அநேகமாக ஒன்றும் கிடக்காது. அக்டோபர் முடிந்ததும் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, விடிந்த பிறகும் போர்வைக்குள் கிடப்பார்.

நவம்பரில் வானத்தில் பறவை ஏது? முன்பு பறவைகளைக் கணக்கெடுத்தவர்கள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

அதனால், நவம்பர் தொடக்கத்தில் வரும் சகல பரிசுத்தவான்கள் நாளுக்கு அவர் தடை சொன்னதே இல்லை. அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இரண்டு இரவுகள் மண்டபம் முழுக்க ஒளியாக இருக்கும்.

இந்த வருஷமும் குளிர் பிந்திவிட்டது. முற்றத்து மரத்தில் சிவந்த பழங்கள் கொத்துக்கொத்தாக இன்னும் தொங்கின. நேற்று மாலை தலைக்கு மேலே மெல்லிய கூவல் கேட்டபோது ஓலவி பூரித்துப்போனார்.

"சைமி, உன் பாட்டக் கேக்கத்தான் இன்னும் போகாம நிக்குது போல."

மணியடித்து, பெருக்கி, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சைமி வாய்விட்டுச் சிரித்தாள். "என் பாட்டக் கேட்டா நிக்கிறதும் ஓடிடும், தபால்காரரே!"

ஓலவி முழங்காலிட்டு, அசைந்த குருவியைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் ஒரு சூடு. அதன் நெஞ்சு படபடத்தது.

பிறகு படபடக்கவில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. சைமி வந்தாள். ஒரு கையில் துடைப்பம். மறு கையில், வெள்ளைத் துணி விரித்த செருப்புப் பெட்டி.

அவரைப் பார்த்துத்தான் திடுக்கிட்டாள். குருவிகளைப் பார்த்து அல்ல.

"பெட்டி எதுக்கு, சைமி?"

"வருஷா வருஷம் இந்தக் காலையில கொண்டு வர்றதுதான். அழுத கண்ணோட வர்ற சனங்க வாசல்ல இதையும் பாக்க வேணாமேன்னு, முன்னாடியே வந்து எடுத்துருவேன். உங்ககிட்ட சொல்ல மனசு வரல. நீங்க அவ்வளவு சந்தோஷமா இருப்பீங்க."

ஓலவி கையிலிருந்த குருவியைப் பெட்டித் துணியின்மேல் வைத்தார்.

"பிந்திப் போற குருவிங்க, களைச்சு விழுதுன்னு நெனச்சேன்" என்றாள் அவள். "விளக்காலதான்னா நீங்க சொல்லியிருப்பீங்களே?"

அந்த முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. அவரை முழுதாக நம்பிய முகம்.

"எங்கே வைப்பே?"

அவள் மணிக்கூண்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பாசி படர்ந்த சரிவில் ஏழு வெள்ளைக் கற்கள், கோணாமல், வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன மெழுகுவர்த்தி எரிந்து முடிந்திருந்தது.

எட்டாவது இடத்தில் கல் இல்லை. குழி இருந்தது. நேற்றே தோண்டி வைத்தது.

ஓலவி திரும்பி மண்டபத்தை நோக்கி நடந்தார். நடை ஓட்டமானது. இன்றிரவும் விளக்கு எரிய வேண்டிய இரவு. கண்ணாடிக் கதவைத் தள்ளி, சுவரில் இருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். அவசரத்தில் கடைசிச் சுவிட்சு மட்டும் அகப்படவில்லை.

பின்னாலேயே ஓடி வந்த சைமி எட்டி அதை அணைத்தாள்.