நான்காவது பூச்சு

காட்டுப்பன்றி என்று நினைத்து ஞானப்பிரகாசம் தன் மகன் ரூபனைச் சுட்டுக்கொன்ற துப்பாக்கியை, அது விபத்துதான் என்று தீர்ப்பு சொல்லி, நான்கு வருடம் கழித்து கோர்ட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தது. குழல் முழுக்கத் துரு. அவர் அதைத் தேய்த்தெடுத்து, கறுப்புப் பூச்சு அடித்து, மனைவி ஜெசிந்தாவின் கேக் அடுப்பில் இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்தார்.

“இனிமே இதுல கேக் போட்டா யாரு திம்பா?” என்றாள் ஜெசிந்தா.

அவர் குனிந்து அடுப்பின் சூட்டைச் சரிபார்த்தார்.

“இது முடிஞ்சதும் மறுபடி காவலுக்குப் போவீங்களோ?”

“மரவள்ளி கெடக்கே. பன்னி விட்டு வைக்குமா?”

“தின்னுட்டுப் போகட்டுமே.”

“கிளவுஸ் இல்லாம குழலத் தொட்டுறாதன்னு சொன்னேன்ல? கைப்பிசுக்கு பட்ட எடத்துல பெயிண்ட் நிக்காது.”

“நான் ஏன் அதத் தொடப்போறேன்?”

அடுப்பு ஆறியதும் குழலை வெளியே எடுத்தார். நடுவில் நான்கு விரல் அகலத்துக்குப் பூச்சு தோலாக உரிந்து வந்தது. அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. அது யாருடைய விரல்களின் அளவு என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் உப்புத்தாளை எடுத்து முதலிலிருந்து தேய்த்தார். ஸ்பிரிட்டில் துடைத்தார். ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளுத்துக் கிடந்த இரும்பை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, குழலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.