எபினேசர் ஸ்டைல்

பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு பாட்டு வாசிப்பார்கள். அத்திப்பட்டில் எந்தக் கிறிஸ்தவ வீட்டுச் சாவிலும் அதுதான் வழக்கம்.

ஜெனிபர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் கணவன் எபினேசர், கல்யாணக் கோட்டில்.

காலையிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. வாய்விட்டு அழுதால்தான் நெஞ்சு லேசாகும் என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவளுக்கு நெஞ்சு கனக்கவே இல்லை. டீ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். ஆறிவிட்டது என்று யாரோ கை நீட்டினார்கள், கொடுத்துவிட்டாள்.

வாசலில் ஐந்து ட்ரம்பெட்காரர்கள் நின்றார்கள். நான்கு பேர் மீஞ்சூரிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் கூப்பிடாமலே வந்தவர்கள். நடுவில் அவள் தம்பி சாம்சன், கையில் எபினேசரின் ட்ரம்பெட்.

ஐந்து பேருமே எபினேசர் மாதிரி வாசிப்பவர்கள்தான். இந்த ரயில் பாதை நெடுக அந்தக் கிறுக்கு தொற்றியிருந்தது.

எபினேசருக்கு அது செல்போனிலிருந்து தொற்றியது. எப்போதோ செத்துப்போன ஓர் அமெரிக்க ட்ரம்பெட்காரரின் ஜாஸ். கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டினால் கும்மிடிப்பூண்டியில் ஃபவுண்டரி வாசலில்தான் கழற்றுவான். அப்புறம் கல்யாணமோ சாவோ, சினிமாப் பாட்டோ கீர்த்தனையோ, எல்லாவற்றையும் அப்படியே வாசித்தான். தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி, சுரத்தை வளைத்து, சோம்பேறி மாதிரி வந்து சேர்வான்.

மூன்று வருடத்துக்கு முன் அதில் புதிதாக ஒன்று சேர்ந்தது.

வரியின் நடுவில் சட்டென்று நிறுத்திவிடுவான். ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொள்வான். கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருக்கும். பிறகு விட்ட இடத்தில் எடுப்பான். விசில் பறக்கும்.

“ஜாஸ்ல இதாண்டா ஸ்டைலு,” என்று பையன்களிடம் கண்ணடிப்பான்.

ஜெனிபருக்கு மட்டும் தெரியும். ஃபவுண்டரியில் வார்த்தெடுத்த இரும்பைத் தேய்க்கிற பிரிவில் அவனுக்கு வேலை. அந்த மணல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பைபிள் மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினான். மூச்சில்லாதவனை எந்த பேண்டு கூப்பிடும்?

அதே பிரிவில் வேலை பார்க்கிற சாம்சனிடம்கூட அவள் சொல்லவில்லை.

ஊர்ப் பையன்கள் அந்த மூச்சுத்திணறலையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு அதுவும் வரவில்லை.

பாட்டு ஆரம்பித்தது.

இரண்டாவது வரியின் நடுவில் ஐந்து ட்ரம்பெட்டும் ஒன்றாக நின்றன. வாசலே அடங்கிப்போனது. தூரத்தில் ஒரு சரக்கு ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜெனிபர் சும்மாதான் நிமிர்ந்து பார்த்தாள்.

நான்கு பேர் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுக்கவே இல்லை. கண்ணை மூடி, கன்னம் உப்பியபடி அசையாமல் நின்றார்கள். அவர்களுக்கு மூச்சு பாக்கி இருந்தது.

சாம்சன் மட்டும் எடுத்துவிட்டான். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது. தோள்பட்டை இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கின.

நான்கு பேரும் விட்ட இடத்தில் எடுத்தார்கள். சாம்சன் இன்னும் கொஞ்சம் பிந்திச் சேர்ந்தான்.

“அப்டியே எபி!” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

ஜெனிபர் எழுந்தாள். கடைசியாக முகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு வாசலுக்குப் போனாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பியின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே கரகரவென்று இழுத்தது. அவளுக்குப் பழக்கமான சத்தம்.

“எத்தினி நாளாடா இப்டி?”

சாம்சன் அவளைப் பார்க்காமல் சிரித்தான்.

“இன்னாக்கா நீ, மாமா ஸ்டைலு தானே.”

ஜெனிபர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அப்பாடா, இப்போதாவது புருஷனை நினைத்து அழுதாளே என்று பெண்களெல்லாம் நிம்மதியானார்கள். பெட்டியை மூடினார்கள்.