மூன்றாவது பதில்

ஜவுளிக்கடை பில் கவுண்டரில் வேலை முடிந்து திரும்பும் பேருந்தில்தான் எழிலரசி இணைய விளம்பரம் கற்றாள். மீதிப் பாடம் அடுப்படியில். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால், இருக்கிற வேலை போதாதா என்பார்கள். இந்த வாரப் பயிற்சி, நன்றாகத் தெரிந்த ஒரே ஒருவரை மனதில் வைத்து விளம்பரம் எழுதி இணையத்தில் போடுவது. எப்படிப்பட்டவர்களுக்குக் காட்டுவது என்று ஊர், வயது, விருப்பங்கள் கேட்டார்கள். கணவனுடையதைக் கொடுத்தாள். அவனிடமே போய்ச் சேரும் என்று நினைக்கவில்லை.

காலையில் தோசை வார்க்கும்போது ஞானசேகர் தன் போனைப் பார்த்து வாசித்தான்: "'வீட்டில் சாப்பாடு, ஃபீஸ் தவிர வேறு பேச்சே இல்லையா? எங்களிடம் சொல்லுங்கள்.' எவனோ நம்ம ஜன்னல்ல நின்னு எழுதுன மாதிரி இருக்கு."

"கண்டதையும் அமுக்காதீங்க," என்றாள்.

அவன் அமுக்கிவிட்டான். ஏதோ தட்டி அனுப்பினான். மாவுச் சட்டி அருகே அவள் போன் ஒலித்தது.

நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒரே ஓர் எழுத்தைத் தட்டி அனுப்பினான். போன் மறுபடி ஒலித்தது. தோசை கருகியது. யாரும் அதைத் திருப்பவில்லை.

"அம்மா, வேன் வந்துரும்!" உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

ஞானசேகர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எழிலரசிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். மூன்றாவது முறையாகத் தட்டத் தொடங்கினான். இந்த முறை நிறுத்தவேயில்லை.