வளையல் முகம்

அருள்மொழி ஒரு பை நிறைய உடைந்த கண்ணாடி வளையல்களையும் கணவனின் போட்டோவையும் மேசைமேல் வைத்தாள்.

"இந்த வளையல வெச்சே என் வூட்டுக்காரர் மொகத்த ஒட்டிக் குடுங்க."

வில்லியனூரில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி ஓவியம் செய்யும் ஹேமலதா, அவளுடைய வெறுங்கைகளைப் பார்த்தாள். காரியத்தன்று உடைத்தவையாக இருக்கும்.

"இவ்ளோவா?"

"சேத்து வெச்சேன்."

ஹேமலதா துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினாள்.

முடிந்த படத்தை வாங்க வந்தவனைக் கண்டதும் ஹேமலதா மேசைமேலிருந்த போட்டோவை எடுத்துப் பார்த்தாள். அதே முகம்.

"எம் பொண்டாட்டி இங்க ஒரு படம் வாங்கிக்கச் சொல்லிட்டு அம்மா வூட்டுக்குப் பூட்டா. இன்னா படங்க?"

ஹேமலதா திருப்பிக் காட்டினாள்.

படத்தின் கன்னத்திலிருந்த பச்சைத் துண்டை அவன் தொட்டான்.

"இது பொங்கலன்னிக்கு நான் அவ கைய முறுக்குனப்ப ஒடஞ்சது."

விரல் சிவப்புக்கு நகர்ந்தது.

"இது, கொழம்புல உப்பு இல்லன்னு..."

நெற்றியும் கண்ணும் வாயும் இன்னும் பாக்கி இருந்தன.