ஜன்னலடியில் ஒரு காட்டுச் செடி

"கடையில கிளாடியோலஸ் பூச்செடி சிவப்பும் ஊதாவுமா இடுப்புயரத்துக்கு நிக்குது. நீங்க போயும் போயும் இந்தக் காட்டுச் செடியையா வாங்கிட்டு வந்தீங்க, அத்தான்?"

மனைவியின் தங்கை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கோரைப்புல் மாதிரி நாலு இலை, ஒல்லிக் காம்பு, அதில் சோகை பிடித்தாற்போல் மூன்று வெளிர்மஞ்சள் பூ. வேறொன்றும் இல்லை.

"இதுவும் கிளாடியோலஸ்தான், மலைச்சரிவுல தானா வளர்ற அசல் வகை. விவரம் தெரிஞ்சவங்க ஜன்னலடியில இதைத்தான் வைப்பாங்களாம். பண்ணைக்காரர் சொன்னார்."

"நல்லா உங்க தலையில கட்டிட்டார்!"

கட்டிலில் கிடந்த மனைவி சிரிக்கவில்லை. காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்தே அவள் இப்படித்தான். ஒன்று, எரிந்து விழுவாள். இல்லையென்றால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

"திங்கட்கிழமை லீவு முடியுதேக்கா. என்ன செய்யப்போறே?"

"என்னத்தச் செய்ய? சோப்புக் கம்பெனிக்குப் போய், வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வரணும்."

அந்தச் செடியின் கிழங்கை வாங்கி நட்ட நாளிலிருந்து கணவருக்குள் ஒரு நப்பாசை. அதை அவளிடம் சொல்லிவிட்டு, நடக்காமல் போனால் அவள் இன்னும் நொறுங்கிப்போவாள் என்று பயம்.

பொழுது சாய்ந்தது. தங்கை கிளம்பிப் போனாள். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இங்க வாங்க! முதல்ல ஜன்னலைச் சாத்துங்க!"

"ஏம்மா, குளிருதா?"

"குளிரும் இல்ல, மண்ணும் இல்ல. எல்லாம் உங்க செடிதான்! பகல் பூரா ஊமையாட்டம் இருந்துட்டு, இருட்டினதும் மூட்டை மூட்டையா கிராம்பைக் கொட்டின மாதிரி மண்டையைப் பிளக்குது. நாளைக்கே பிடுங்கி எறியுங்க!"

அவர் ஈரக் கையோடு வாசற்படியிலேயே நின்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"என்ன சிரிப்பு? நான் பாட்டுக்குக் கத்திட்டிருக்கேன், நீங்க..."

பாதியில் நிறுத்தினாள். மெல்ல எழுந்து போய், ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

"கிராம்பு மட்டும் இல்லீங்க," என்றாள். "அடியில லேசா பாதாமும் இருக்கு."

சோப்புக் கம்பெனியில் ஒவ்வொரு கலவையையும் முகர்ந்து தேர்வு செய்துவந்த அவளுடைய மூக்கு, காய்ச்சல் வந்த நாளிலிருந்து மரத்துக் கிடந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அது பிடித்த முதல் வாசனை அதுதான்.