மேல்மாடி பத்திரம்

“மொத்தம் மூணு மாடி. லேசா ஆடினாலும் மேல்மாடிதான் முதல்ல சரியும்” என்றாள் மனைவி. கேட்டதும் கணவர் பயந்துபோனார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பயம் கட்டடத்தைப் பற்றியதல்ல, கேக்கைப் பற்றியது. இன்று மாலை மாமனார், மாமியாருடைய நாற்பதாவது கல்யாண நாள். பேக்கரியில் வேலை செய்யும் மனைவி அதற்காகவே மூன்று நாள் மெனக்கெட்டுச் செய்தது அந்த கிரீம் கேக். பின்சீட்டில் ரிப்பன் கட்டிய பெரிய பெட்டி, அதற்கு ஒரு சீட் பெல்ட். பக்கத்தில் எட்டு வயது மகள் வாலு, தானும் பெல்ட் போட்டுக்கொண்டு பெட்டிக்குக் காவல்.

மாமனார் வீட்டில் இவருக்கு வைத்த பெயர் ராக்கெட். விடுமுறை வந்தால் ஊரே சாலையில் இருக்கும். அப்போதுதான் இவருக்குக் கால் துறுதுறுக்கும். போன விடுமுறையில் ஒரு வளைவில் லாரியை முந்தப் போய், எதிரே வந்த பஸ்ஸிடமிருந்து மயிரிழையில் தப்பினார்கள். இனிமேல் அப்பா ஓட்டினால் ஏறவே மாட்டேன் என்று வாலு அழுது தீர்த்தாள். மனைவி கெஞ்சாத கெஞ்சல் இல்லை. எல்லாவற்றையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

இன்றைக்கோ வாலுதான் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். ராக்கெட்டும் ரோடு ரோலராக மாறியிருந்தார்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது மாதிரி வண்டியை இறக்கினார். ஹாரனைத் தொடவே இல்லை. கேக் பயந்துவிட்டால் யார் பதில் சொல்வது? வெயில் சுள்ளென்று அடித்தது, ஏ.சி.யைப் போடப் போனார். தனக்கு ஜலதோஷம் என்று தடுத்துவிட்டு, மனைவி கண்ணாடியை இறக்கி ஜம்மென்று காற்று வாங்கினாள்.

போன் அடித்தது. வழக்கமாகக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பேசுகிற ஆசாமி, இன்று மனைவியை எடுக்கச் சொன்னார். மாமியார்தான், எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். பத்திரமாக வந்துகொண்டிருக்கிறோம் என்றாள் மனைவி. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வழியில் ஒரு குளம் வந்தது. இத்தனை வருஷமாகப் போய்வரும் சாலையில் அது எப்போது வந்தது என்று அவர் அதிசயப்பட்டார். அதில் வாத்துகூட இருந்தது.

வெள்ளைக் கார் ஒன்று ஹாரனை அலறவிட்டபடி முந்திப் பறந்தது. ஓட்டியவர் நாலு வார்த்தை திட்டிவிட்டும் போனார். எப்போதுமென்றால் ராக்கெட் துரத்தியிருப்பார். இன்று ‘உன் வண்டியில கேக் இல்லப்பா’ என்று முணுமுணுத்ததோடு சரி. கால்மணி நேரம் கழித்து ரயில்வே கேட்டில் அதே வெள்ளைக் கார் இவர்களுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தது. வாலு கையாட்டினாள். கண்ணாடியில் அதைக் கண்ட அந்த ஆள், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சந்திலிருந்து ஒரு பைக் திடுதிப்பென்று குறுக்கே வந்தது. அதில் முன்னால் உட்கார்ந்திருந்தது ஒரு சின்னக் குழந்தை. ராக்கெட் பிரேக்கை மிதித்தார். இரண்டு முழம் மிச்சம் வைத்து வண்டி நின்றது. பைக்காரர் வெலவெலத்துப்போய், கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தார். எப்போதும் போகிற வேகத்தில் போயிருந்தால்?

“கேக்குக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று பின்னால் திரும்பினார்.

“நானும் நல்லாத்தான்பா இருக்கேன்” என்றாள் வாலு.

அவர் அசடு வழிந்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

இரண்டு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரம் ஆனது. வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றதைப் பார்த்த மாமனார், மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மகளிடம் தனியாக விசாரித்தார். ராக்கெட் யாரையும் கிட்டே அண்டவிடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் தானே ஏந்திப் போய் மேசைமேல் வைத்தார். ஒரு பொட்டு கிரீம் நகர்ந்திருந்தாலும் பெயரை மாற்றிக்கொள்வதாகச் சவால் விட்டபடி ரிப்பனை அவிழ்த்தார்.

உள்ளே இரண்டு தலையணை. நடுவில், வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி.

அவர் பேயறைந்த மாதிரி நின்றார். மாமியார் சாவகாசமாக ஃப்ரிட்ஜைத் திறந்தார். மூன்று மாடியும் அங்கே குளுகுளுவென்று நின்றன. மச்சினன் நேற்றே பேக்கரியிலிருந்து எடுத்து வந்துவிட்டானாம். அதுவரை அடக்கி வைத்திருந்த வாலு, சோபாவில் விழுந்து புரண்டு சிரித்தாள்.

அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“நான் சொன்னா எங்க கேக்குறீங்க? அதான் கேக்கை விட்டுச் சொல்லச் சொன்னேன்.”